யாரும் உட்காராத தங்க ஆசனம்

மியூசிக்கல் சேர் விளையாடியிருக்கிறீர்களா? பாட்டு நின்றதும் ஓடிப்போய் நாற்காலியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காதவர் அவுட்! அந்தக் காலத்து ராஜாக்களும் இதே விளையாட்டைத்தான் விளையாடினார்கள். சிம்மாசனத்தைப் பிடிக்க எத்தனை எத்தனை சண்டைகள்!

ஆனால், ஆப்பிரிக்காவில் ஓர் ஆசனம் இருக்கிறது. தங்கத் தகடு போர்த்தியது. அதில் இன்றுவரை யாருமே உட்கார்ந்தது கிடையாது. ராஜாவேகூட உட்காரக் கூடாது! அந்த ஆசனத்தோடு பின்னிக் கிடக்கிறது பிரெம்பே என்ற ராஜாவின் கதை. துப்பாக்கியைத் தூக்காமலே எதிரியிடம் தன்னை ஒப்படைத்தவர் அவர். அவர் கோழையா, வீரரா? கதையைப் படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வானத்திலிருந்து வந்தது

அட்லஸை எடுத்து ஆப்பிரிக்காவைப் பாருங்கள். மேற்குப் பக்கம் வயிறு போலப் புடைத்திருக்கிறது அல்லவா? அதன் அடிப்பக்கக் கடற்கரையில் கானா என்ற நாடு இருக்கும். அங்கே, கடற்கரையிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே, காட்டுப் பகுதியில் இருக்கும் நகரம் குமாசி. அதுதான் அசாந்தே ராஜ்யத்தின் தலைநகரம்.

பிரெம்பே பிறப்பதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ராஜ்யம் எதுவும் இல்லை. சின்னச் சின்னக் குழுக்கள், ஆளுக்கொரு தலைவர். எல்லாரும் டென்கிரா என்ற பக்கத்து நாட்டுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒசேய் டுட்டு என்ற தலைவர் இந்தக் குழுக்களை ஒன்று சேர்த்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் அனோக்யே என்ற பூசாரி.

பல தலைவர்கள் ஒருவருக்கு அடங்கி நடப்பது சுலபமா? இங்கேதான் அந்த ஆசனம் வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை, தலைவர்கள் எல்லாம் கூடியிருந்தபோது அனோக்யே வானத்தை நோக்கி வேண்டினாராம். இடி முழங்க, மேகத்திலிருந்து ஒரு தங்க ஆசனம் மெதுவாக இறங்கி ஒசேய் டுட்டுவின் மடியில் வந்து அமர்ந்ததாம்! இது ராஜா ஒருவருக்குச் சொந்தமான பொருள் அல்ல, அசாந்தே மக்கள் அத்தனை பேரின் உயிரும் இதற்குள்தான் இருக்கிறது என்று பூசாரி சொன்னாராம். இது அசாந்தே மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

அந்தப் பக்கம் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை என்று அர்த்தம். ஆசனம் வந்ததும் வெள்ளிக்கிழமை என்பதால் அதற்கும் கோஃபி என்றே பெயர் வைத்தார்கள். ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்த கோஃபி அன்னான் பிறந்ததும் இதே குமாசியில், ஒரு வெள்ளிக்கிழமையில்தான்!

ஒன்று சேர்ந்த அசாந்தேக்கள் 1701-ல் டென்கிராவைத் தோற்கடித்தார்கள். அதன் பிறகு அவர்களுக்கு ஏறுமுகம்தான்.

தங்கத் தூளே பணம்

அசாந்தே நாட்டு மண்ணில் தங்கம் கிடைத்தது. கடைக்குப் போனால் காசுக்குப் பதில் தங்கத் தூளைக் கொடுப்பார்கள். அதை நிறுக்கச் சின்னச் சின்னப் பித்தளை எடைக்கற்கள் வைத்திருந்தார்கள். மீன், முதலை, பறவை என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம். பல உருவங்களுக்குப் பின்னால் ஒரு பழமொழியும் இருக்கும். கடைக்கல்லிலேயே பழமொழி படித்த மக்கள் அவர்கள்!

குமாசியிலிருந்து நாலாபுறமும் சாலைகள் போயின. தங்கமும் கோலாக் கொட்டைகளும் அந்த வழியே தூர தேசங்களுக்குப் போயின. 1800-களின் தொடக்கத்தில் இன்றைய கானாவின் பெரும்பகுதி அசாந்தே ராஜாவுக்கு அடங்கியிருந்தது.

பெருமை மட்டும் பேசினால் போதாது குட்டீஸ். கொடுமையும் இருந்தது. போரில் பிடிபட்டவர்களை அசாந்தேக்கள் கடற்கரையில் இருந்த ஐரோப்பிய வியாபாரிகளிடம் அடிமைகளாக விற்றார்கள். பதிலுக்குத் துப்பாக்கி வாங்கி மேலும் நாடு பிடித்தார்கள். நரபலி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அடக்கி வைக்கப்பட்ட பக்கத்து மக்களுக்கு அசாந்தே மீது கோபம் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. கடற்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு காத்திருந்த ஆங்கிலேயருக்கு அது வசதியாகப் போனது.

ஆங்கிலேயருக்கும் அசாந்தேக்களுக்கும் பல போர்கள் நடந்தன. 1824-ல் ஆங்கிலேய கவர்னரையே அசாந்தேக்கள் கொன்றார்கள். ஆனால், 1874 பிப்ரவரியில் உல்ஸ்லி என்ற தளபதியின் படை குமாசிக்குள் புகுந்தது. அரண்மனையைக் கொள்ளையடித்து, வெடி வைத்துத் தகர்த்தது. ஊருக்கும் தீ வைத்தது. தங்க நகைகளும் ராஜாவின் பொருட்களும் மூட்டை மூட்டையாக லண்டனுக்குப் போயின. போதாததற்கு, போர்ச் செலவுக்காக 50,000 அவுன்ஸ் தங்கம் தர வேண்டும் என்று ஒப்பந்தம். 50,000 அவுன்ஸ் என்றால் ஒன்றரை டன்!

நம் பிரெம்பே அப்போது சிறு குழந்தை.

பள்ளிக்கூட வயதில் பட்டம்

அசாந்தே நாட்டில் அப்பாவுக்குப் பிறகு மகன் ராஜாவாக முடியாது. பட்டம் தாய்வழியில்தான் போகும். அடுத்த ராஜா யார் என்று ராஜமாதா பெயர் சொல்வார். தலைவர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். பிரெம்பேயின் அம்மா யா அக்யாதான் அப்போது ராஜமாதா. மிகவும் கெட்டிக்காரப் பெண்மணி.

முதலில் பிரெம்பேயின் அண்ணன் 1884-ல் ராஜா ஆனார். பாவம், சில வாரங்களிலேயே பெரியம்மை கண்டு இறந்துபோனார். அடுத்து யார் என்று சண்டை வந்தது. அசாந்தேக்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். ஊர் ஊராக ஆட்கள் தப்பி ஓடினார்கள். கடைசியில் 1888-ல் யா அக்யாவின் பக்கம் வென்றது. பிரெம்பே ராஜா ஆனார். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். இன்றைக்கென்றால் பிளஸ் டூ படிக்கிற வயது!

எரிந்த ஊர், பிரிந்த மக்கள், காலியான கஜானா. இதுதான் அவருக்குக் கிடைத்த ராஜ்யம். பிரெம்பே அசரவில்லை. ஓடிப்போன மக்களைத் திரும்ப அழைத்தார். கோபித்துக்கொண்டு பிரிந்துபோன தலைவர்களிடம் சமாதானம் பேசினார். உடைந்த பானையை ஒட்டுவதுபோல ராஜ்யத்தை மெல்ல மெல்ல ஒட்டவைத்தார்.

ஒட்டியது ஆங்கிலேயருக்குப் பிடிக்குமா? ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், இன்னொரு பக்கம் ஜெர்மானியர்கள் என்று ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்கள். எங்கள் பாதுகாப்பின்கீழ் வந்துவிடுங்கள் என்று 1891-ல் பிரெம்பேக்கு ஆள் அனுப்பினார்கள். எல்லாரோடும் நட்பாக இருப்போம், ஆனால் எவருக்கும் கீழே இருக்க மாட்டோம் என்று மரியாதையாகவே மறுத்துவிட்டார் அந்த இளம் ராஜா.

ஆங்கிலேயர் விடவில்லை. பழைய தங்கக் கடன் எங்கே என்று நெருக்கினார்கள். பிரெம்பே ஒரு நல்ல யோசனை செய்தார். இங்கிலாந்து மகாராணியிடமே நேராகப் பேசிவிடலாம் என்று தூதுக்குழுவைக் கப்பல் ஏற்றினார். 1895-ல் லண்டனில் அவர்கள் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆங்கிலேய அரசு அவர்களைத் தூதர்களாக ஏற்கவே இல்லை. படைதான் கிளம்பியது.

ஒரு குண்டும் வெடிக்கவில்லை

1896 ஜனவரி. ஆங்கிலேயப் படை காட்டு வழியே குமாசியை நோக்கி வந்தது. சாரணர் இயக்கத்தைப் பின்னாளில் தொடங்கிய பேடன் பவலும் அந்தப் படையில் ஓர் அதிகாரி.

அசாந்தே தலைவர்கள் போருக்குத் துடித்தார்கள். ராஜா சரி என்று சொன்னால் போதும். பிரெம்பே சொல்லவில்லை. உள்நாட்டுச் சண்டையில் நொந்துபோன மக்கள் இப்போதுதான் மூச்சு விடுகிறார்கள். எதிரியிடம் நவீனத் துப்பாக்கிகள். போர் வந்தால் 1874-ஐப் போல ஊர் மறுபடி எரியும். எரிகிற ஊரில் தங்க ஆசனமும் எதிரி கையில் சிக்கலாம். ஆசனம் போனால் அசாந்தே என்ற பெயரே போய்விடும். ஆகவே யாரும் சுடக் கூடாது என்று கட்டளையிட்டார். தங்க ஆசனம் சத்தமில்லாமல் மறைவிடத்துக்குப் போனது.

ஜனவரி 17 அன்று ஒரு குண்டும் வெடிக்காமல் படை குமாசிக்குள் நுழைந்தது. மூன்று நாள் கழித்து ஊர் நடுவே சபை கூடியது. மக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பிரெம்பே தலையணியையும் செருப்பையும் கழற்றினார். அவரும் அவர் அம்மாவும் முன்னே வந்து ஆங்கிலேய கவர்னரின் காலைப் பிடித்தார்கள். அசாந்தே ராஜா ஒருவர் இப்படிப் பணிந்ததை மக்கள் அதுவரை கண்டதில்லை. பார்த்தவர்கள் நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும்!

அத்தோடு முடிந்ததா? 50,000 அவுன்ஸ் தங்கத்தை இப்போதே வை என்றார் கவர்னர். இப்போது கொஞ்சம் தருகிறேன், மீதியைத் தவணையில் தருகிறேன் என்றார் பிரெம்பே. கவர்னர் கேட்கவில்லை. ராஜா, ராஜமாதா, ராஜாவின் அப்பா, தம்பி, முக்கியத் தலைவர்கள் எல்லாரையும் அங்கேயே கைது செய்தார்கள். அரண்மனையை மீண்டும் சூறையாடினார்கள்.

கைதிகள் கடற்கரையில் இருந்த எல்மினா கோட்டைக்குப் போனார்கள். அங்கிருந்து சியரா லியோன். பிறகு 1900-ல் இன்னும் தூரமாக, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சீஷெல்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏன் அவ்வளவு தூரம்? காரணம் ஒரு பாட்டி!

பாட்டியின் போர்

1900 மார்ச்சில் ஹாட்ஜ்சன் என்ற கவர்னர் குமாசிக்கு வந்தார். தலைவர்களைக் கூட்டி, உங்கள் ராஜா இனிமேல் திரும்பி வரப் போவதில்லை என்றார். தங்க ஆசனம் எங்கே, நான் உட்கார அதை ஏன் கொண்டுவரவில்லை என்றும் கேட்டார்.

அசாந்தேக்கள் வாயடைத்துப் போனார்கள். ராஜாவே உட்காராத ஆசனத்தில் இவர் உட்காருவாராமே! அமைதியாகக் கலைந்து போனவர்கள், போருக்குத் தயாரானார்கள்.

அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எஜிசு என்ற ஊரின் ராஜமாதா, யா அசந்தேவா. அறுபது வயது இருக்கும். அவர் பேரனையும் பிரெம்பேயோடு நாடு கடத்தியிருந்தார்கள். தயங்கி நின்ற ஆண்களைப் பார்த்து, நீங்கள் போகாவிட்டால் பெண்கள் நாங்கள் போகிறோம் என்று சொல்லி அவர்களுக்கு ரோஷம் ஊட்டியவர் அவர். கவர்னரைக் குமாசிக் கோட்டைக்குள் வைத்து முற்றுகையிட்டார்கள். உணவில்லாமல் தவித்த கவர்னர் ஜூன் மாதம் எப்படியோ தப்பி ஓடினார்.

பிறகு பெரும்படை வந்தது. ஊர்கள் எரிந்தன. 1901-ல் யா அசந்தேவா பிடிபட்டார். அவரையும் சீஷெல்ஸ் தீவுக்கே அனுப்பினார்கள். 1902 ஜனவரி 1 முதல் அசாந்தே, ஆங்கிலேயரின் காலனி ஆனது. 200 ஆண்டு ராஜ்யம் முடிந்தது.

ராஜா போனார், நாடு போனது. தங்க ஆசனம்? தேடு தேடென்று தேடினார்கள். கிடைக்கவே இல்லை! அது இருந்த இடம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

கடல் நடுவே பாடம்

சீஷெல்ஸில் பிரெம்பே என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சிலேட்டு பிடிக்கும் குழந்தை போல எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். தன்னோடு வந்தவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்து எட்வர்ட் என்ற பெயரும் பெற்றார்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தார். அசாந்தே மக்களின் வரலாறு அதுவரை பெரியவர்களின் ஞாபகத்தில்தான் இருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தீவிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். 1907-ல் பிரெம்பே, தன் அம்மா சொல்லச் சொல்ல, ராஜாக்களின் கதையை எழுதிவைக்கும் வேலையைத் தொடங்கினார். அந்தக் கையெழுத்துப் பிரதி 2003-ல் புத்தகமாகவே வந்துவிட்டது. 1917-ல் யா அக்யா இறந்தார். 1921-ல் யா அசந்தேவாவும் இறந்தார். இருவரும் ஊர் திரும்பவே இல்லை.

ஊருக்கு அனுப்புங்கள் என்று பிரெம்பே விடாமல் மனு எழுதிக்கொண்டே இருந்தார். இதற்கிடையே 1920-ல் ஒரு விபரீதம் நடந்தது. சாலை போடத் தோண்டியவர்கள், புதைத்து வைத்திருந்த தங்க ஆசனத்தைக் கண்டுவிட்டார்கள். சிலர் பேராசையில் அதன் தங்க அணிகளைத் திருடி விற்றார்கள். செய்தி பரவியதும் நாடே துக்கம் காத்தது. அப்போதுதான் ஆங்கிலேயருக்கே புரிந்தது, இது வெறும் நாற்காலி அல்ல என்று. இனி ஆசனத்தைக் கேட்க மாட்டோம் என்று அறிவித்தார்கள்.

1924-ல் பிரெம்பேக்கும் விடுதலை கிடைத்தது. நவம்பரில் அவர் குமாசியில் வந்து இறங்கியபோது கடல் போலக் கூட்டம். 28 ஆண்டுகளுக்கு முன் போனவர் இருபதுகளில் இருந்த இளைஞர். வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். அவர் ராஜாவாக வரவில்லை, சாதாரணக் குடிமகனாகத்தான் வருகிறார் என்று ஆங்கிலேயர் சொல்லிவிட்டார்கள். மக்களா கேட்பார்கள்? அவர்களுக்கு அவர் ராஜாதான்! 1926-ல் குமாசி ஊருக்கு மட்டும் தலைவராக அவரை ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டார்கள். தீவில் இறந்தவர்களின் எலும்புகளைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவரவும் ஏற்பாடு நடந்தது.

1931 மே 12 அன்று பிரெம்பே காலமானார். நான்கே ஆண்டுகளில், 1935-ல், அசாந்தே மக்களுக்கு மறுபடியும் ராஜா வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. தங்க ஆசனம் வெளியே வந்தது. அதன் முன்னால் பட்டம் ஏற்றவர் இரண்டாம் பிரெம்பே. 1957-ல் கானா சுதந்திரம் அடைந்தது. நாட்டை ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதான் என்றாலும், அசாந்தே ராஜாவுக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

கொள்ளை போன தங்கம் என்ன ஆனது? 2024-ல், அதாவது குமாசி எரிந்து 150 ஆண்டுகள், பிரெம்பே திரும்பி 100 ஆண்டுகள் ஆன வேளையில், லண்டனில் உள்ள இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் 32 பொருட்களைக் குமாசிக்கு அனுப்பின. நிரந்தரமாக அல்ல, கடனாக! சொந்தப் பொருளை ஒருவர் கடன் வாங்கிப் பார்ப்பது நியாயமா என்று அங்கே பலர் கேட்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அசாந்தே மக்களிடம் ஒரு பறவைச் சின்னம் உண்டு. பெயர் சன்கோஃபா. கால்கள் முன்னே நடக்கும். தலை மட்டும் பின்னே திரும்பிப் பார்க்கும். விட்டுவந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது அதன் பொருள். பிரெம்பேயின் வாழ்க்கையே அந்தப் பறவைதான்.

என்ன குட்டீஸ், தீர்ப்புச் சொல்லத் தயாரா? பாட்டி யா அசந்தேவா துப்பாக்கியோடு ஆசனத்தைக் காத்தார். ராஜா பிரெம்பே, தன் மானத்தையே விலையாகக் கொடுத்துக் காத்தார். இரண்டில் எது கடினம்? இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் எல்லாரிடமும் கேட்டுப் பாருங்கள். நிச்சயம் ஒரு நல்ல வாக்குவாதம் நடக்கும்!